பன்னிரண்டாவது நாற்காலி

ஹெப்பால் மேம்பாலத்தில் லாரி கவிழ்ந்து
லூர்துநாதன் வந்துசேரவில்லை.
மற்றப் பதினொரு பேரும்
வலது காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவி
பவுடர்கூடப் போட்டுக்கொண்டு
பீடத்தின் முன் வரிசையாய் இருந்தார்கள்.
துண்டும் குவளையுமாய் நின்ற என்னைப் பார்த்து
புதுச் சாமியார் காலி நாற்காலியைக் காட்டினார்.
உட்காருங்க.

பத்தொன்பது வருஷமாய்ப் பெரிய வியாழனுக்கு
வெந்நீர் வைப்பவன் நான்,
லிங்கராஜபுரத்துக் கோவில்பிள்ளை.
மணிக்கூண்டின் நாற்பத்தியொரு படியில்
எது ஆடும் என்று தெரியும்.
ஒழுக்கு எங்கே, எந்த பெஞ்சில் கரையான்,
சூசையப்பர் சுரூபத்துக்கு எந்த விரலில் விரிசல்,
இருட்டில் கேட்டாலும் சொல்வேன்.
என் காலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

தண்ணீர் விழுந்தது.
சூடா, ஆறிவிட்டதா, தெரியவில்லை.
பேசினில் நீர் ரோஜா நிறமாய் மாறுவதை
வேறு யாருடையதோபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சாமியாரின் கை நின்றுவிட்டது.
சுண்டுவிரலுக்குக் கீழே, சதைக்குள்,
பித்தளைத் தலை மட்டும் தெரிய
ஒரு டிராயிங் பின்.
அறிவிப்புப் பலகையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.
சாம்பல் புதனுக்கு முன்பா பின்பா?
ஒருசந்தி இருந்து, வெள்ளி தவறாமல்
சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைக்கும்
அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்.
வலிக்கவில்லை.

அவர் குனிந்தபோது எனக்கு வாடை அடிக்குமே என்று வெட்கம்.
காலை இழுத்தேன். விடவில்லை.
"சலேத்மேரி சிஸ்டரைக் கூப்பிடுங்க,"
என்றார் மைக்கில் விழாதபடி,
"பூசை அப்புறம் நடக்கும்."

பௌரிங்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.
மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?
தவக்காலத்துக்கு எதையாவது விட வேண்டுமே, டாக்டர்.
ஷைலஜா ஹெக்டே சிரிக்கவில்லை.
சுண்டுவிரலைச் சனிக்கிழமை எடுத்தார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு எனக்கு வார்டில் விடிந்தது.
மணியை யார் அடித்தார்களோ,
கயிற்றைப் பாதியில் விட்டிருப்பார்கள்.
பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இட்லி பிட்டுக்கொண்டிருந்தார்.
கல்லறை விட்டு வந்தவரும் பசித்துத்தானே மீன் கேட்டார்;
வருஷா வருஷம் வாசிக்கிறார்கள்,
நான் பின்னால் நின்று மெழுகு சுரண்டிக்கொண்டிருப்பேன்.
பூட்டிய அறைக்குள் வந்ததும்
அவர் முதலில் காட்டியது காயத்தை.
நான் என்னுடையதைத்
துணி சுற்றி மறைத்திருக்கவும் இல்லை,
இருப்பதையே மறந்திருந்தேன்,
பக்தி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து.

இப்போது காலையில் ராகிக்களியும் அவரைக்காயும்.
முதல் மணி அடித்துவிட்டு
ரயில்வே கேட் வரை போய்த் திரும்புகிறேன்.
திங்கட்கிழமை விடுப்பு;
பங்குப்பேரவை இரண்டு கூட்டம் பேசித்தான் கொடுத்தது.
அன்றைக்கு மத்தியானம் தூங்க
இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கோவிலுக்குள் செருப்பா என்று
முணுமுணுத்தவர்கள் உண்டு.
எரிந்தும் கருகாத செடி
ஒருவனிடம் கழற்று என்றது.
என்னிடம் போடு என்கிறது.
கறுப்பு ரப்பர், எம்.சி.ஆர்., எழுநூற்றைம்பது ரூபாய்.
புனித நிலம் அதற்குள்ளே
ஒன்பது விரலோடு இருக்கிறதாம்,
சாமியார் சொல்கிறார்.

இரவு கதவைப் பூட்டிய பிறகு அதே பேசின்.
சூட்டை முழங்கையால் பார்க்கிறேன்,
பச்சைக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல.
விரலிடுக்கில் ஈரத்தை ஒற்றி எடுக்கிறேன்.
அடிப்பாதத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி.
செபம் சில நாள் வரும்,
சில நாள் கொட்டாவிதான் வரும்.
கண்ணாடி பார்க்காமல் படுப்பதில்லை.

லூர்துநாதன் பெயர் இந்த வருஷமும் பட்டியலில் இருக்கிறது.
மூன்று மணிக்கே கிளம்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.