இடப்பக்கப் பின்கதவு

முதல் முறை கொண்டுவந்தபோது
எவனோ சாவியால் கீறிவிட்டான் என்றார்
நொத்தாரிசு வில்பிரட்.
காணி உறுதியில் முகம் சுழித்தவர்களின் பெயர்களை
ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே
பிளேன்ரீ குடித்தார்.

நான் நகம் வைத்துப் பார்த்தேன்.
வழுக்கினால் மேல்தோல். தடுக்கினால் ஆழம்.
இரண்டு இடத்தில் தடுக்கியது.
அளவுக்கருவி சொன்னது: நூற்றிருபத்தெட்டு மைக்ரோன்.
போதும்.

கழுவி, களிக்கட்டி உருட்டி உப்பெடுத்து
(உப்புவெளிக்கு எந்தக் காரும்
கடலைக் கொஞ்சம் பூசிக்கொண்டுதான் வரும்)
ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டி
பேடில் நாலு பொட்டுக் கொம்பவுண்ட்.
கதவில் பதித்த பிறகுதான் சுவிட்ச்.
முதலே போட்டால் சுவரெல்லாம் வெள்ளை மழை;
றமீஸ் ஒருநாள் செய்து காட்டினான்.

அமத்தக்கூடாது. மெஷினின் பாரமே காணும்.
நெடுக்கே நாலு தரம், குறுக்கே நாலு தரம்,
எறும்பு நடக்கிற வேகம்.
இடைக்கிடை உள்ளங்கை வைத்துச் சூடு பார்ப்பது,
காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல.

கீறலை நான் நிரப்புகிறேன் என்றுதான்
எல்லாருக்கும் எண்ணம்.
கீறலை நான் தொடுவதே இல்லை.
அதன் அடிமட்டம் எங்கேயோ
அதுவரைக்கும்
சுற்றியிருக்கிற நல்ல பெயின்றை இறக்குகிறேன்.
இதைச் சொன்னால் ஆள் காரை எடுத்துக்கொண்டு போய்விடும்.
சொல்வதில்லை.

பின்னேரம் அந்தக் கறுப்புக் கதவுக்குள்
எங்கள் மின்விசிறி சுற்றியது.

இரண்டு மாதம். அதே அக்ஸியோ, அதே கதவு.
இம்முறை இணையாக இரண்டு கோடுகள்
இடுப்பளவு உயரத்தில்.
சாவி இப்படிக் கீறாது.
கைபிடிக்குக் கீழே ஒரு மயிர்,
செம்மண் நிறம்.

கோட்டை வாசலுக்குக் கிட்டத்தான் அவர் வீடு,
மான்கள் இரவில் இறங்கி
பஸ் நிலையம்வரை போய்
கொத்துரொட்டி எச்சம் தின்று திரும்புகிற வழி.

"மானா?" என்றார்.
வழக்குப் போட ஆளில்லாத ஏமாற்றம்.

நூற்றுப்பத்தொன்பது. மறுபடி இறக்கினேன்.

மூன்றாம் முறை வருவதற்குள்
கேமரா பூட்டியிருந்தார். போனில் காட்டினார்.
அதிகாலை மூன்று பத்து. வீதிவிளக்கு.
வெல்வெட் உரிந்த கொம்போடு ஒரு கலை
காரைக் கடந்து போகிறது,
நிற்கிறது, திரும்புகிறது.
கதவுக்குள் இன்னொன்று திரும்புகிறது.
இது குளம்பைத் தட்ட அதுவும் தட்டி
இது தலை தாழ்த்த அதுவும் தாழ்த்தி
முட்டல்.
பின்வாங்கிப் பார்த்தால்
மற்றது ஓடவில்லை.

மற்றக் கதவுகளில் தூசி; அங்கே எவனும் இல்லை.
இந்தக் கதவில் நிற்பவனை
நெடுக்கே நாலு, குறுக்கே நாலு என்று
நான்தான் செய்துவிட்டிருக்கிறேன்.

சத்தமில்லாத படம்.
றமீஸ் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான்.

நூற்றெட்டு.
கோயில் சுற்ற நல்ல எண்,
தேய்க்க அவ்வளவு நல்லதில்லை.
இன்னொரு தரம் தாங்கும் என்று சொல்லிக் காசு வாங்கலாம்.
கறண்டும் இருந்தது.
"பளபளப்புத்தான் சேர் பிழை" என்றேன்.
"இந்த ஒரு கதவை மங்கலாக விடுவம்.
இரண்டாயிரம் தாளால் தண்ணி போட்டு ஒரு தேய்;
கரும்பலகை மாதிரி வந்திடும்.
ஒருத்தரும் தெரியமாட்டினம்."

கலியாண வீட்டுக்குப் போகிற கார் என்றார்.
குனிந்து கதவைப் பார்த்தார்.
நெற்றிக்குக் குறுக்கே இரண்டு கோடுகளோடு
அவரும் அங்கே நின்றார்.
சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து
தலையை இழுத்துக்கொண்டார்.
"மினுக்கும். இரவில பழைய சாரம் ஒண்டு கட்டிவிடுறன்."

மினுக்கினேன்.

நேற்று இரண்டாம் காட்சி முடிந்து அந்த வழியால் வந்தேன்.
கார் நின்றது, நீலக் கட்டம் போட்ட சாரம் உடுத்து.
கச்சான் காற்று ஓரத்தைத் தூக்கும்போதெல்லாம்
கதவின் அடியில்
நாலு குளம்பு தெரிந்து மறைந்தது.