முப்பத்தெட்டாவது படம்

புதுக் கேமராவில் நெம்புகோல் கிடையாது.
ஒவ்வொரு படம் எடுத்ததும்
என் வலது கட்டைவிரல்
இல்லாத ஒன்றைத் தள்ளிவிட்டுத் திரும்புகிறது,
பல் விழுந்த இடத்தை நாக்கு போய்த் தொடுவது மாதிரி.

ஞாயிறு. கடலூர் முதுநகர்.
மணி ஐந்தே முக்கால்.
உப்பனாற்றில் படகுகள் தோள் உரசி நிற்கின்றன.
ஐஸ் கட்டியை மரச் சுத்தியால் உடைக்கிறான் ஒருவன்;
தெற்கே காற்று திரும்பினால்
மீன் வாடையோடு சிப்காட் வாடையும்.
இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு
என் கழுத்தில் ஒரு வார்.

நண்டு விற்கிற தனபாக்கியத்தை எடுத்தேன்.
வலை பிரிக்கும் மூன்று பேரை எடுத்தேன்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
"கண்ணை மூடிட்டேனே சார், அழிச்சிட்டு வேற எடு."
அழித்தேன். எடுத்தேன்.
இப்படி ஒரு வசதி
அப்போது இருந்திருந்தால் என்று நினைத்தபடியே
நூற்றுப் பதினேழு.

அப்போது என்பது
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தை முகூர்த்தம்.
தெய்வசிகாமணி என்னோடு மின்வாரியத்தில் கணக்கு எழுதினவன்.
"வீடியோவுக்கு எல்லாம் வழியில்ல, நீ எடுத்தாப் போதும்."
ஒரே ரோல். முப்பத்தாறு படம்.
அரிசி அளக்கிற மாதிரி அளந்தேன்:
மாலைக்கு இரண்டு, தாலிக்கு நான்கு,
மணப்பெண் அஞ்சலாட்சி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததற்கு
ஒன்று. ஒன்றே ஒன்று.
முப்பத்தாறு முடிந்தும் நெம்புகோல் நகர்ந்தது.
முப்பத்தேழு. இனாம் என்று சந்தோஷப்பட்டேன்.
முப்பத்தெட்டாவதைத் தள்ளும்போதுதான்
இடப்பக்கக் குமிழைப் பார்த்தேன்.
ஃபிலிம் ஓடினால் அது சுற்ற வேண்டும்.
காலையிலிருந்தே அது சுற்றவில்லை.

லாரன்ஸ் ரோடு லேபில் கழுவித் தந்தார்கள்.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீள வெறுமை.
ஓரத்தில் கம்பெனிக்காரன் அச்சடித்த எண்கள் மட்டும்
ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை
ஒழுங்காக நின்றன.
லேப்காரர் ஒன்றும் கேட்கவில்லை.
நான்தான் சொன்னேன், வேறொரு இடத்தில்,
வேறொருவரிடம்:
"லேபுல கெடுத்துட்டாங்க சிகாமணி."
அவன் நம்பினான்.
அந்தக் கடை வாசலில் போய்
ஊரே கேட்கத் திட்டினான்.
நான் கேமராவை விற்றேன். என்ன விலைக்கு என்று
வீட்டில் கேட்டதற்கும் பொய்தான்.

இன்று வீட்டுக்கு வந்து
கணினியைத் திறந்தால்
கார்டு அதன் பக்கவாட்டில் செருகியபடியே இருக்கிறது,
வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து.
கேமராவின் வயிறு காலி.
திரையின் மூலையில் 'டெமோ' என்று
பொடி எழுத்து எரிந்திருக்கிறது;
கண்ணாடி போடாத எனக்கு
அது ஒரு தூசி.

முதலில் வியர்த்தது.
பிறகு சமையலறை வரை கேட்கும்படி
சிரித்தேன்.

மறு ஞாயிறு.
"நேத்திக்குத்தானே எடுத்தே?"
அவளுக்குப் போன வாரம் எல்லாமே நேற்று.
வாய் வரைக்கும் வந்தது:
கம்ப்யூட்டர்ல கெட்டுப்போச்சும்மா.
கட்டைவிரல் ஒருமுறை காற்றைத் தள்ளிற்று.
"கார்டு போட மறந்துட்டேன்.
உள்ளே ஒண்ணுமே இல்லாம எடுத்தேன்."

தனபாக்கியம் ஒரு நண்டைத் தூக்கி
அதன் காலைக் கட்டியபடி என்னைப் பார்த்தாள்.
"அப்ப அன்னிக்கு நீ காட்டுனது?"
"அது அப்பவே போயிடுச்சு."
"நல்லாத்தானே இருந்தேன் அதுல,"
என்றாள்.
"சரி எடு. அரைக் கிலோ வாங்கினாதான்
சிரிப்பேன்."

கார்டு மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது.
மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன்.
அவள் சிரிக்கவில்லை;
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
ஒன்றே ஒன்று எடுத்தேன்.
அழிக்கவில்லை.

சிகாமணி இப்போது நெல்லிக்குப்பத்தில் இருக்கிறான்.
பஸ்ஸில் அரை மணி நேரம்.
நண்டுப் பை கையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.