திரை எண் பூஜ்ஜியம்

முதலில் திறந்தது வேறொரு திரை.
சாம்பல் நிறம், நடுவில் ஓர் அம்பு.
சாவி கொடுத்த அன்றைக்குப் பார்த்த பி.டி.ஓ. வீட்டு ஹால் மாதிரி
யாரும் புழங்காத சுத்தம்.
எண்ணில் பிழை. ஒன்று என்று கொடுத்துவிட்டேன்,
இயந்திரமும் சொன்ன பேச்சைக் கேட்டு
புதிதாக ஒன்றைக் கட்டித் தந்துவிட்டது.

எனக்குப் புதிது வேண்டாம்.
லிம் சூ காங்கிற்கு அப்பால் நீரிணையில்
மிதக்கும் மீன்பண்ணையின் தகரக் கொட்டகையில்
ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறதே, அது வேண்டும்.
ஷஹாதத் இந்த நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பது.
எட்டுக் கூண்டு, எட்டுக் கோடு,
ஒவ்வொரு கோடும் ஒரு கூண்டின் மூச்சு.

மணி ஒன்று நாற்பது. புக்கிட் பாஞ்சாங், பதினாலாம் மாடி.
கடைசி எல்.ஆர்.டி. போய்விட்டது.
கறுப்பு ஜன்னலில் தட்டுகிறேன்: திரை, பூஜ்ஜியம்.
அனுமதி இல்லை என்கிறது.
நிர்வாகி நான்தான், எல்லாக் கதவும் என் பெயரில்தான்.
ஆனாலும் எரிகிற திரையின் சாவி
அதன்முன் உட்கார்ந்திருப்பவர் பெயரில் இருக்கிறது.
நியாயம்தான்.
அந்தச் சின்னக் கோப்பைத் தேடி எடுப்பதற்குள்
மைலோ ஆறி ஆடை கட்டிவிட்டது.

பிறகு கடவுச்சொல்.
பிறகு வாசல் எண், ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.
பிறகு சில சொற்கள் மிச்சம்:
பகிர்ந்து, என்றால் ஒருவருக்கு மேல் வரலாம்.
பார்க்க மட்டும், என்றால் கை நீட்டக் கூடாது.
இதை விட்டுவிட்டேன். பூன் கியாட் கேட்டது கையும் சேர்த்துத்தான்:
"ஆள் தூங்கிட்டா நீ அழுத்தணும்."
என்றென்றும், என்றால் வந்தவர் போன பின்னும் கதவைச் சாத்தாதே.
இந்தச் சொல்லை நான் மனிதர் யாரிடமும் சொன்னதில்லை.
முதல் தடவை எழுத்துப்பிழை.

வந்தது.
சதுரம் சதுரமாக, இடது மூலையிலிருந்து.
எட்டுக் கோடுகள். அவற்றைப் பாதி மறைத்தபடி
சீட்டுக்கட்டு.
சிவப்பு ஏழு மேலே கிடக்கிறது,
அம்பு அதை எங்கே வைக்கலாம் என்று அலைகிறது.
நாலாவது வரிசை, பாய். கறுப்பு எட்டு.
முதல் மூன்றையே சுற்றிச் சுற்றி வருகிறது.

என் விரல் மவுஸில் பட்டுவிட்டது.
அம்பு ஒரு துள்ளு துள்ளியது.
அங்கே எல்லாம் நின்றது.
சீட்டுகள் மறைந்தன. வெற்றுக் குறிப்பேடு ஒன்று திறந்தது.
ஆங்கிலத்தில், எழுத்து எழுத்தாக, கேள்விக்குறி இல்லாமல்:
யார்

அதன் கீழேயே எழுதினேன்.
பெயர், கம்பெனி, முதலாளி சொல்லித்தான், பயப்பட வேண்டாம்.
இரண்டும் ஒரே எழுத்துரு.
தானே கேட்டு, தானே சொல்லி,
தன்னையே தேற்றிக்கொள்ளும் ஓர் ஆள்போல் இருந்தது.
அழித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியபோதே
அவரும் அழிக்கத் தொடங்கியிருந்தார்.

மூன்று பத்துக்கு ஆறாம் கோடு சரிந்தது.
கொடுவா, நாலாயிரம்.
பச்சைப் பொத்தானை நோக்கி அம்பைத் தள்ளினேன்.
அவரும் தள்ளினார். அம்பு பொத்தானைத் தாண்டிப் போனது.
திருப்பினேன், திருப்பினார், இந்தப் பக்கம் தாண்டியது.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
அவரும் எடுத்திருக்க வேண்டும்.
அம்பு அநாதையாக நின்றது, கோடு இறங்கிக்கொண்டிருந்தது.
அப்புறம் யாரோ அழுத்தினோம்.
பதிவேட்டில் ஒரே வரி: மூன்று பதினொன்று, ஆறாம் பம்ப், ஓட்டம்.
பயனர் ஷஹாதத்.
இன்றிரவு நான் செய்ததெல்லாம் அவர் பெயரில்தான்.

கோடு நிமிர இருபது நிமிடம் ஆனது.
சீட்டுகள் திரும்பி வந்தன, இம்முறை ஒளிக்காமல்.
சிவப்பு ஏழு அப்படியே கிடந்தது.
அம்பு அதன் பக்கத்தில் வந்து நின்றது,
அசையவில்லை.
இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சோதித்தேன்.
அறவில்லை.
அது எனக்காக நிற்கிறது என்று புரிய
கொஞ்ச நேரம் பிடித்தது.