குட்டியானையில் ஒரு பொதுக்குழு

தருமபுரியில் நாலுக்குப் பூஜ்யம்.
நாலாவது கோல் நம்ம பையனே போட்டது,
நம்ம வலையில்.

ஆட்டக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.
பழையபேட்டை ரோவர்ஸுக்கு மிச்சமிருக்கும் ரசிகர்கள்
எட்டுப் பேர்,
ஒரு பறை, நனைந்த பேனர், பந்து மூட்டை,
எல்லாம் முனிராஜின் குட்டியானையில் நின்றபடி.
முன்னால் டிரைவர் பக்கத்தில்
கோச் திம்மராயன்.
நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி,
அதிலும் விரிசல்.

காரிமங்கலம் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு மாதேஷ்தான், "மாத்திடலாம்" என்றான்.
மாங்கூழ் ஆலையில் டின்னுக்கு மூடி அடிக்கிறவன்.
எதையும் ஒரே அடியில் மூடிவிடுவான்.
"ஏழு ஆட்டம், ஆறு தோல்வி.
அந்த ஒரு டிராவும் மழை போட்ட பிச்சை."

"மெதுவா பேசு" என்றார் நவாஸ் பாய்.
"எதுக்கு மெதுவா?
ஓடத் தெரிஞ்சவனைப் பின்னால நிறுத்துறாரு,
நிக்கத் தெரிஞ்சவனை முன்னால ஓட விடறாரு.
இதுல என்னா ரகசியம்?"

ஓசூரில் ஒருத்தர் இருக்கிறாராம்.
லைசென்ஸ் வைத்திருக்கிறாராம்.
லேப்டாப்பில் மைதானத்தை வரைந்து
அம்புக்குறி போடுவாராம்.
மாசம் எட்டாயிரம்.
எட்டாயிரம் என்றதும்
எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள்,
அது எங்கேயோ கிடக்கிற மாதிரி.

மஞ்சுளா அக்கா மட்டும் பாடியைத் தட்டினாள்.
கிரானைட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
போன வருஷம் ஜெர்சிக்கு வசூல் பண்ணி
நாலு பேரிடம் திட்டும் வாங்கினவள்.
"பதினஞ்சு ஜெர்சியையும் யார் துவைக்கிறது தெரியுமா?
போன ஞாயித்துக்கிழமை பார்த்தன்.
அவர் வீட்டு மாடியில
ஒரு முழு டீமே தலைகீழா தொங்குச்சு."

"துவைக்கிறதுக்கு கோச் எதுக்கு?"
மாதேஷ் சிரித்தான்.
நானும் சிரித்துவிட்டேன்.
சுண்ணாம்பில் கோடு போடுகிறவன் நான்.
எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது,
எது உள்ளே எது வெளியே என்பது மட்டும் தெரியும்.
அந்தச் சிரிப்பு
கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று
இன்னும் சொல்லத் தெரியவில்லை.

"வோட்டு வெச்சுடலாம். மாத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க."

இதில் ஒரு சிக்கல்.
குட்டியானையில் நிற்கிறவனுக்குக் கை என்பது
கம்பியைப் பிடிக்க.
ஒன்றைத் தூக்கினால் மற்றது இறுக வேண்டும்.
மாதேஷ் கை. சித்தலிங்கம் கை.
பறை வைத்திருந்த பையன் குச்சியைத் தூக்கினான்,
அது வோட்டா என்று கேட்டதற்கு
அவனுக்கே தெரியவில்லை.
நவாஸ் பாயின் கை காதுவரை வந்து
காதைச் சொறிந்தது.
என்னுடையது
பாதி எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது முனிராஜ் சர்வீஸ் ரோட்டுக்கு இறக்கினான்.
வேகத்தடை.
எட்டுப் பேரும் ஒருமனதாகக் கம்பியைப் பிடித்தோம்.

காவேரிப்பட்டணத்தில், பாலத்துக்கு முன்னால்
வண்டி நின்றது.
தள்ளுவண்டியில் வேர்க்கடலை வெந்துகொண்டிருந்தது.
கதவு திறந்தது.
அவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி,
கடலைக்காரரிடம் ஏதோ சொல்லி,
எங்கள் பக்கம் திரும்பி,
முகத்தில் எதுவும் இல்லாமல்,
"எத்தனை பேர்?" என்றார்.

ஆற்றில் தண்ணீர் அவ்வளவாக இல்லை.
ஒரு லாரி மாங்காயோடு எங்களைத் தாண்டிப் போனது,
புளித்த வாசனை கொஞ்ச நேரம் நின்றது.

எட்டு என்று சொல்ல வேண்டியதுதானே.
ஒருத்தராலும் முடியவில்லை.
மாதேஷ் பேனரின் முனையை
மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

அவரே விரல்விட்டு எண்ணினார்.
எட்டுப் பொட்டலம் மேலே வந்தது,
ஒவ்வொன்றாக, சுடச்சுட.
மாதேஷுக்குக் கொடுக்கும்போது
"உப்பு கம்மி" என்றார்.

பழையபேட்டையில் இறங்கும்போது என்னிடம்,
"செவ்வாய்க்கிழமை பெனால்டி பாக்ஸைக் கொஞ்சம் அளந்து போடு.
போன தடவை ஒரு அடி பெரிசு."

உண்மைதான். ஒரு அடி பெரிசு.
யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.