இரண்டு நீல ஒயர்கள்

தொண்டியிலிருந்து லாரியில் வந்த படகு
கருப்பாயூரணியில் என் கடைவாசலை மறித்து
மூன்று நாள் கிடந்தது.
டயனமோ பார்க்க வந்த ஆட்டோக்காரர்கள்
அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு
'வைகையில தண்ணி வந்துருச்சாக்கா?' என்றார்கள்.

சக்கிமங்கலம் பக்கம் ஒரு கண்மாயை
மீன்குத்தகைக்கு எடுத்திருந்தான் ஒச்சுக்காளை.
சுவிட்சுப் பலகை ஒன்று வேண்டுமாம்.
கடையில் விற்பது கப்பலுக்கானது,
விலையும் கப்பலுக்கானது.
'மினி பஸ்ஸுக்குப் பண்ணுவீங்கல்ல,
அதையே தண்ணிக்குப் பண்ணுங்க.'

தண்ணிக்கு என்றால் வேறு கணக்கு.
மரம் ஊறும். தகரம் துருவேறும்.
இழுத்து மூடிய பிரியாணிக் கடையில்
கறி வெட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை
நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது.
சோடா மாவு போட்டு இருமுறை தேய்த்தும்
கத்தி விழுந்த கோடுகள் போகவில்லை.
துளையிட்டபோது சுருண்டு விழுந்த சீவலில்
லேசாகப் பட்டை, கிராம்பு.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ஐந்து சுவிட்சுகள்:
முன்விளக்கு, பின்விளக்கு, போன் சார்ஜர்,
பம்பு, ஹாரன்.
ஹாரன், ஓட்டம் நின்ற மினி பஸ்ஸில் கழற்றியது.
பியூஸ் பெட்டி, நொறுங்கிய ஆம்னி வேனின் மிச்சம்.

முனைக்கு முனை லக் வைத்துக் கடித்து
சுருங்குகுழாய் மாட்டி
லைட்டரால் சூடு காட்டி
மேலே வாஸ்லின் பூசினேன்.
மின்சாரத்துக்குத் தண்ணீர் ஆகாது என்பார்கள்.
ஆகும். ரொம்பவே பிடிக்கும்.
அதுதான் சங்கடம்.

மஞ்சள் ஒயர் தீர்ந்தது அப்போதுதான்.
மணி ஒன்பதரை, கடையடைத்திருப்பார்கள்.
பம்புக்கும் நீலம், ஹாரனுக்கும் நீலம் இழுத்து
ஒன்றில் மட்டும் நூல் கட்டினேன் அடையாளத்துக்கு.
கரண்ட் போய் வருவதற்குள்
நூல் எதற்கென்பது மறந்துவிட்டது.
மறந்ததும் எனக்குத் தெரியவில்லை.
பேர்களை நகப்பாலிஷால் எழுதினேன்.
சிவப்பில் 'பம்பு' பார்க்க அழகாய் வந்திருந்தது.

ஐப்பசி அடைமழை.
மறுகால் பாய்ந்த ராத்திரி
நடுக்கண்மாயில் ஒச்சுக்காளை,
படகுக்குள் கணுக்கால் தண்ணீர்.
பம்பைத் தட்டியிருக்கிறான்.

கண்மாய் முழுக்க மினி பஸ் கத்தியது.

கீழ்க்கரையில் திருட்டு வலை இழுத்த நாலு பேர்
வலையை விட்டுவிட்டு
ஒருவன் வேட்டியையும் விட்டுவிட்டு
நெல்வயலுக்குள் ஓடினார்கள்.
ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஜெசிந்தா
பையை எடுத்துக்கொண்டு
நிறுத்தத்துக்கே வந்துவிட்டாளாம்,
இரண்டு வருசமாய் வராத பஸ்ஸுக்கு.

விடிந்ததும் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
டெஸ்டரோடு கிளம்பினேன்.
இரண்டு முனை, இரண்டு நிமிஷ வேலை.
'தொடாதீங்கக்கா' என்று
பலகைமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டான்.
'ராசியா இருக்கு.'
எழுத்தையாவது மாற்றுகிறேன் என்றேன்.
அதற்கும் விடவில்லை.
கூலிக்கு மேல் ஐந்நூறு நீட்டினான்.
வேண்டாமென்றேன்.
பிறகு வாங்கிக்கொண்டேன்.

பத்தொன்பது வருசத்தில்
தப்பென்று தெரிந்தும் நான் வெளியே விட்டுவைத்த வேலை
அது ஒன்றுதான்.

காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் மழைநாளில்
தூரத்தில் ஹாரன் கேட்கிறது.
பழகிய கை என்றால் அரைநொடியில் நிற்கும்.
புது ஆள் என்றால்
பயந்துபோய் அப்படியே விட்டுவிடுவான், அது கத்தும்.
'குத்தகைக்காரன் திருடனை விரட்டுறான்' என்று
புரண்டு படுக்கிறது தெரு.
படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தவள்
பாயில் எழுந்து உட்கார்ந்து
அடுத்த சுவிட்சு, அடுத்த சுவிட்சு என்கிறேன்
இருட்டைப் பார்த்து,
சத்தம் நிற்கும்வரை.