ஒரு நிமிட ஓய்வு

வெள்ளவத்தையில் கடல்பக்க ஒழுங்கை,
ரியூசன் வகுப்பு கலைகிற நேரம்.
மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டு
பிடிவிசைமானியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
இறுதியாண்டு ஆய்வுக்கு நூற்றிருபது பேர் வேண்டும்.
இன்றோடு நாற்பது.

"முழங்கையை மடக்குங்கோ, மூச்சை அடக்காதேங்கோ,
ஏலுமான மட்டும் அழுத்துங்கோ."
மூன்று தரம்.
இடையிடையே ஒரு நிமிட ஓய்வு.

ஓய்வு என்றதும்
கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.
ஆற வேண்டிய பெருவிரல்
கண்ணாடிமேல் ஓடுகிறது,
சீனி தேடுகிற எறும்பு மாதிரி.
நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருக்கிறேன்.
வாய் திறந்தால் தரவு கெட்டுவிடும்.

பிரணவரூபனுக்கு இருபத்தாறு கிலோ.
"மெஷின் பிழை அக்கா" என்று சிரித்தான்.
நடுவிரல் ஓரத்தில் பேனை தின்ற காய்ப்பு.
எழுத்து எட்டு மணித்தியாலம், போன் ஏழு
என்று படிவத்தில் நிரப்பியிருந்தான்.
நித்திரையை எங்கே வைத்தானோ.

கடைசியாக மட்டக்குளி ஜெனிட்டா.
ஊசி முப்பத்தெட்டில் போய் நின்றது.
மறுபடி அழுத்தச் சொன்னேன். முப்பத்தொன்பது.
போன்?
"அண்ணாட்ட. ராவைக்குத் தருவான், சார்ஜ் இருந்தா."
எழுத்து?
"கொப்பி முடிஞ்சிட்டு மிஸ்."
வேறு என்று ஒரு கட்டம்
என் படிவத்தில் இல்லை.
அவளாகவே சொன்னாள்:
ஐந்தாம் மாடி, லிஃப்ட் பழுது,
மோட்டர் ஓடாத நாளில்
இரண்டு கையிலும் வாளி.
பிறகு பஸ், இருக்கக் கிடைக்காது,
மேல்கம்பி.

அவளுடைய ஒரு நிமிடத்தில்
கையை மேசையில் மல்லாக்க வைத்தாள்.
யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் போல
அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே ரயில் போய் முடிகிற வரைக்கும்.

"இந்தப் புள்ளி தனியாக நிற்குது,
எடுத்துவிடுங்கோ" என்றார் மேற்பார்வையாளர்.

கணினி பழுது. ஆய்வறிக்கை முழுவதையும்
போனிலேதான் தட்டுகிறேன்,
சின்னவிரல் கீழே முண்டு கொடுக்க.
பம்பலப்பிட்டி தாண்டும்போது கை விறைத்தது.
நேற்று, யாருமில்லாதபோது,
நானும் அந்தக் கருவியை அழுத்திப் பார்த்தேன்.
இலக்கத்தை இங்கே எழுதமாட்டேன்.

திரையில் புள்ளிகள் கீழே நெருங்கிக் கிடக்கின்றன,
மழைக்கு ஒதுங்கிய சனம் போல.
மேலே அவள் ஒருத்தி.
நீக்கவா என்று கேட்கிறது.
பெருவிரல் அதன்மேல் இருக்கிறது.
இன்னும் அழுத்தவில்லை.