கத்துதல்

கஞ்சிக்கோட்டில் ஆடி மாதம்.
மலைத்தொடர் வாய் பிளந்த இடத்தில்
மேலைக்காற்று முண்டியடித்து நுழைகிறது.
மில் வாசலில் வாட்ச்மேனின் தொப்பி
காலையிலிருந்து இரண்டு முறை
வாளையாருக்குக் கிளம்பிவிட்டது.
செக்போஸ்டைத் தாண்டுமுன் பிடித்தாராம்,
அவரே சொல்லிச் சிரித்தார்.

நான் கூரைக்கும் தகர டக்டுக்கும் நடுவே
மல்லாந்து கிடக்கிறேன்.
தலைமுடியில் பஞ்சு, பல்லில் டார்ச்.
கீழே ஆயிரம் கதிர்கள் சுற்றும் இரைச்சல்.
அதற்கும் மேலே கண்டமுத்தன் சேட்டன்:
"பச்ச கத்துந்நுண்டல்லோ!
பின்னெ எந்தா நோக்குந்நது?"

அவர் பேச்சில் கத்துவது என்றால் எரிவது.
என் பேச்சில் கத்துவது என்றால் கத்துவது.
இந்தப் பெட்டி முதலாவதைச் செய்கிறது.
இரண்டாவதைச் செய்யுமா என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

புகை டப்பாவை எடுத்து முகத்தில் அடித்தேன்.
கத்தியது.
கீழே பேனலில் அன்சில் அதை ஊமையாக்கினான்.
மூக்கருகே கொண்டுவந்து பற்றவைத்தால்
யாருக்கும்தான் தெரியும்.
அடுத்த தெருவில் கருகுவது
தானாக வந்து சேருமா?

டக்டின் குறுக்கே விரல் கனத்தில் ஒரு குழல்.
அதன் துளைகள் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும்.
அது உள்ளே வாங்கும். இன்னொன்று வெளியே விடும்.
வாங்குவதற்கும் விடுவதற்கும் நடுவே
தண்ணீரை ஓர் அங்குலத்தில்
நூறில் ஒரு பங்கு தூக்குகிற தள்ளல்,
அது இருந்தால் போதும்.
தூங்குகிற பூனையிடம்கூட அதைவிட அதிகம் உண்டு.

சிவப்பு ரப்பரை ஒரு பக்கம்
நீலத்தை மறுபக்கம் செருகினேன்.
மானோமீட்டரில் பூஜ்யம்.
பேட்டரியைக் கழற்றி மாட்டினேன்.
பூஜ்யம்.
வெளியே அம்மியைப் பறக்கவிடும் காற்று.
இங்கே ஒரு முள் அசையவில்லை.

நான்கு திருகு.
குழலின் முனையில் பொறித்த அம்பு
நேரெதிராக நின்றது.
துளைகள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.

எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு
பதிவேட்டையே நீட்டினார் கண்டமுத்தன்.
ஆறு மாதத்துக்கு ஒரு வரி.
புகை அடிக்கப்பட்டது. மணி ஒலித்தது. சரி.
புகை அடிக்கப்பட்டது. மணி ஒலித்தது. சரி.
பின்னோக்கிப் புரட்டினேன்.
முதல் வரி, பொருத்திய அன்று, நீல மையில்:
எஸ். வேதக்கனி.
கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டுவேன்,
வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது.
யாரென்று கேட்கவும் இல்லை.
சாயா சொல்லட்டுமா என்றார்.

குழலை அரைச்சுற்றுத் திருப்பினேன்.
ஒரு நிமிட வேலை, அதுகூட இல்லை.
எண் ஏறி நின்றது:
புள்ளி ஒன்று நான்கு.

பதிவேட்டில்,
'குழல் திசைமாறி இருந்தது. திருத்தப்பட்டது.'
சற்று யோசித்து, 'நான்கு வருடமாக' என்று சேர்த்தேன்.
வாலை நீட்டாமல் கையெழுத்து.
பிறகு, அந்த நீல மையைப் பார்த்து
ஓர் அம்புக்குறி, சரியான திசையில்.

கோயமுத்தூர் பஸ்ஸில் காற்று
பின்சீட்டிலிருந்து முதுகைத் தள்ளியது.
அந்த வருடம் நான் பொருத்தியவற்றை
டிக்கெட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தேன்:
வேலந்தாவளம் மண்டபம் இரண்டு,
ஆடியில் காலியாகத்தான் கிடக்கும்.
எட்டிமடை ஹாஸ்டல் எட்டோ ஒன்பதோ.
கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரி மூன்று.

ஆஸ்பத்திரியை முதலில் அழைத்தேன்.
எடுத்த பெண் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.
"மூணுலயும் பச்ச கத்துது மேடம்,
ஒண்ணும் பிரச்சினை இல்ல."

காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றேன்.
பத்தடி ஏணி ஒன்று
எடுத்து வைக்கச் சொன்னேன்.